வதந்தியும் ஒரு தொடர்வினைதான்

யுரேனியம்-235 அணுக்கரு ஒன்று பிளவுறும்போது இரண்டு அல்லது மூன்று நியூட்ரான்கள் வெளிப்படுகின்றன. அவை வேறு அணுக்கருக்களைத் தாக்கி மேலும் பிளவுகளை உண்டாக்குகின்றன. இதுவே தொடர்வினை என்று படித்திருப்பீர்கள். கைப்பேசியில் ஒரு பொய்ச் செய்தி பரவுவதும் ஏறக்குறைய இதே கணக்குதான். எப்படி என்று பார்ப்போமா?

ஒரு பிளவு சராசரியாக எத்தனை புதிய பிளவுகளை உண்டாக்குகிறதோ, அந்த எண்ணே பெருக்கக் காரணி. வதந்திக்கும் இப்படி ஓர் எண் உண்டு. ஒரு செய்தி பத்துப் பேருக்கு வருகிறது. எட்டுப் பேர் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். இருவர் மட்டும் தலா பத்துப் புதியவர்களுக்கு அனுப்புகிறார்கள். பத்துப் பேர் இருபது பேர் ஆகிவிட்டனர். பெருக்கக் காரணி 2. ஒருவரிடம் தொடங்கும் செய்தி இதே வீதத்தில் சென்றால் பத்தாம் சுற்றில் 1,024 பேரையும், இருபதாம் சுற்றில் 10,48,576 பேரையும் அடையும்!

காரணி 1-க்குக் கீழே இருந்தால்? 0.9 என்று வைத்துக்கொள்வோம். 1 + 0.9 + 0.81 + ... என்னும் பெருக்குத் தொடரைக் கூட்டினால் 10-ஐத் தாண்டாது. பத்துப் பேரோடு வதந்தி அடங்கிவிடும்.

சமூக ஊடகங்கள் இக்காரணியை உயர்த்துகின்றன. ஒரு விரல் தொட்டால் ஒரு குழு முழுவதற்கும் செய்தி போய்விடுகிறதல்லவா? அப்போது ட்விட்டர் எனப் பெயர் பெற்றிருந்த தளத்தில் 2006 முதல் 2017 வரை நிகழ்ந்த சுமார் 1,26,000 செய்திப் பரவல்களை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2018இல் முடிவை வெளியிட்டனர். பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு, உண்மைச் செய்தியைவிட 70 விழுக்காடு அதிகம். 1,500 பேரை அடைய, பொய்யைப் போல் ஆறு மடங்கு நேரம் உண்மைக்குத் தேவைப்பட்டது. தானியங்கிக் கணக்குகள் பொய்யையும் மெய்யையும் ஒரே அளவில்தான் பரப்பின. ஆகவே, இந்த வேறுபாட்டை உண்டாக்கியவர்கள் மனிதர்களே! புதுமையும் வியப்பும் நம்மை உடனே பகிரத் தூண்டுகின்றன.

செயற்கை நுண்ணறிவின் பங்கு என்ன? அது தொடக்க நியூட்ரான்களைப் பெருக்குகிறது. முன்பு ஒரு போலிப் படத்தை உருவாக்கத் திறமையும் நேரமும் தேவை. இன்று ஒரு வரி எழுதினால் படம் வந்துவிடும். 2023 மே 22 அன்று அமெரிக்க இராணுவத் தலைமையகமான பென்டகன் அருகே வெடிவிபத்து என்று ஒரு படம் பரவியது. அது செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்டதாகத் தோன்றிய போலி. அப்பகுதித் தீயணைப்புத் துறை மறுத்தது. ஆனால் அதற்குள் பங்குச் சந்தை சற்றுச் சரிந்து, பிறகு மீண்டது.

இப்போது கணக்கைத் திரும்பப் போடுங்கள். காரணி 0.9-ஆகவே இருக்கட்டும். ஒரு பொய்க்குப் பதில் ஆயிரம் பொய்களை இயந்திரம் உருவாக்கினால், அவை மொத்தம் 10,000 முறை மக்களிடம் சேர்ந்துவிடும். அணையும் பொறிகளாயினும் எண்ணிக்கையால் தீங்கு விளைகிறது.

இதைத் தடுப்பது எப்படி? 1942இல் சிகாகோ நகரில் என்ரிக்கோ ஃபெர்மி குழுவினர் முதல் அணு உலையை இயக்கியபோது, நியூட்ரான்களை விழுங்கும் காட்மியத்தைக் கொண்டு வினையைக் கட்டுப்படுத்தினர். வாட்ஸ்அப் நிறுவனமும் இத்தகைய தடையைக் கொண்டுவந்தது. 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று 2020இல் வரம்பு விதித்தது.

நீங்களும் காட்மியமாக இருக்கலாம். ஒரு செய்தி வந்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதை முதலில் சொன்னவர் யார்? எங்கே, எப்போது நடந்தது? நம்பத்தக்க வேறு செய்தித்தாள்கள் இதைச் சொல்கின்றனவா? படத்தைக் கண்ணால் பார்த்தே போலி என்று கண்டுபிடித்துவிடலாம் என நம்பாதீர்கள். இயந்திரங்கள் நாளுக்கு நாள் தேர்ச்சி பெறுகின்றன. விடை கிடைக்கவில்லையா? அனுப்பாமல் நிறுத்திவிடுங்கள்.

பலரும் இப்படிச் செய்து காரணி 0.5-ஆகக் குறைந்தால், அதே ஆயிரம் பொய்கள் 10,000 முறைக்குப் பதில் 2,000 முறைதான் சேரும். பொய்களின் எண்ணிக்கை நம் கையில் இல்லை. காரணி நம் கையில் இருக்கிறது.

பயிற்சி: காரணி 0.8 ஆனால் ஆயிரம் பொய்கள் எத்தனை முறை சேரும்? 5,000 என்று விடை வருகிறதா, போட்டுப் பாருங்கள்.