மஞ்சளாகும் தண்ணீர், நீலமாகும் தண்ணீர்



வட்டியில்லாக் கடன் கேட்டு சென்ற மாதம் நம் டிரஸ்ட்டுக்கு ஒரு மனு வந்தது. மருத்துவத்துக்கோ பிள்ளைகள் படிப்புக்கோ அல்ல, 'ஆல்கலைன்' தண்ணீர் இயந்திரம் வாங்குவதற்கு. விலை லட்சத்துக்கு மேல். அந்தத் தண்ணீரைக் குடித்தால் சுகர் மாத்திரையையே நிறுத்திவிடலாம் என்று விற்க வந்தவர் சொன்னாராம். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சொட்டு மருந்து விட, அது மஞ்சளானது. இயந்திரத் தண்ணீரில் விட, நீலமானது. "இத்தனை நாள் இதையா குடித்தீர்கள்?" என்று கேட்டதும் அந்தச் சகோதரி பயந்துபோனார்.

அந்தச் சொட்டு விஷத்தைக் காட்டுவதல்ல. அமிலம் இருந்தால் ஒரு நிறம், காரம் இருந்தால் வேறு நிறம், அவ்வளவுதான். (மிளகாய்க் காரம் அல்ல, ஆப்ப சோடா, சோப்பு வகைக் காரம்.) எலுமிச்சைச் சாற்றில் விட்டாலும் நீலம் வராது.

இதை எண்ணால் சொல்வதே பி.எச். 1909-ல் டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன் வகுத்த அளவு இது. 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 6.5 முதல் 8.5 வரை. ஆர்.ஓ. தண்ணீரில் தாது உப்புகள் குறைவு. காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்தாலே அது லேசாக அமிலப் பக்கம் சாய்ந்துவிடும். வயிற்றுக்குப் பயமில்லை, ஏனெனில் இரைப்பையின் சொந்த அமிலமே 1.5 முதல் 3.5 வரை. எந்தத் தண்ணீர் போனாலும் அங்கே அமிலத்தோடுதான் கலக்கும். இரத்தத்தை 7.4-ஐ ஒட்டி வைத்திருப்பது நுரையீரலும் சிறுநீரகமும்தான், தண்ணீர் இயந்திரம் அல்ல. ஆனால் அமிலத் தண்ணீர் உலோகத்தை அரிக்கும். ஆர்.ஓ. தண்ணீரைப் பித்தளை, செம்புக் குடங்களில் தேக்க வேண்டாம், எவர்சில்வர் போதும்.

கடல் நீரின் பி.எச். சுமார் 8. வியாபாரியின் கணக்குப்படி அதுவும் நல்ல தண்ணீர்தான்!

மதரஸாவில் தண்ணீர் பாடத்தில் நிறம், மணம், ருசி மாறியிருக்கிறதா என்று பார்க்கக் கற்றோம். ஒளுவுக்கு அது சரி. குடிப்பதற்கு அது போதாது. ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவை கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது, பி.எச். எண்ணும் காட்டாது. பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர்க் கிணறுகளைத் தோல் தொழிற்சாலைக் கழிவு கெடுத்து, 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது நினைவிருக்கும். சுற்றிலும் தொழிற்சாலைகள் உள்ள தண்டலத்தில் போர் தண்ணீர் குடிப்பவர்கள் பயப்பட வேண்டியது அதற்குத்தான், மஞ்சள் நிறத்துக்கு அல்ல.

கடன் மனுவை நிறுத்தி வைத்திருக்கிறோம். மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று அந்தச் சகோதரியிடம் சொல்லியிருக்கிறோம். போர் தண்ணீரைப் பரிசோதிக்க விரும்புவோர், மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் அலசிய சுத்தமான கேனில் 2 லிட்டர் பிடித்து, வீட்டு எண் எழுதி நம் அலுவலகத்தில் கொடுக்கலாம். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு நாமே அனுப்புகிறோம். கட்டணம் டிரஸ்ட்டுடையது. கிருமிப் பரிசோதனைக்கு மட்டும் ஆய்வகம் தரும் பாட்டில் வேண்டும்; முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.