படகுக்கு எந்த வானொலி?



உத்திரமேரூர் வட்டத்துப் பெருநகரிலிருந்து கடல் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. ஏரியும் நெல் வயலும் சூழ்ந்த ஊரில் படகு வானொலியைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை காணத் தேவையானவை யாவும் உங்கள் பாடப் புத்தகத்திலேயே உள்ளன. பித்தாகரஸ் தேற்றம், அலைநீளத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள தொடர்பு, ஓம் விதி இவை மூன்றும் தெரிந்தால் போதும்.

சதுரங்கப்பட்டினத்திலோ கோவளத்திலோ உங்கள் மாமா ஒருவர் புதிதாகப் படகு வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "படகுக்கு ஒரு வயர்லெஸ் வாங்க வேண்டும், நீதான் சயின்ஸ் படிக்கிறாயே, எதை வாங்கலாம், சொல்" என்று உங்களைக் கேட்கிறார். கடைக்காரர் வாட் கணக்கைச் சொல்லிக் குழப்புகிறார். 5 வாட் வாங்குவதா? 25 வாட் வாங்குவதா? ஏரியல் எத்தனை அடி நீளம் இருக்க வேண்டும்? நீங்கள் சொல்லும் விடையில் ஓர் உயிரே அடங்கியிருக்கக்கூடும். ஆகவே சற்று நிதானமாகவே பார்ப்போம்.

கடற்கலங்கள் பேசிக்கொள்வதற்கென்று உலகம் முழுவதற்கும் பொதுவாக ஓர் அலைவரிசைப் பட்டை ஒதுக்கப்பட்டுள்ளது. அது 156 மெகாஹெர்ட்சிலிருந்து 162 மெகாஹெர்ட்ஸ் வரையில் அமைந்தது. வி.எச்.எஃப். என்று அழைக்கப்படும் மிகை அதிர்வெண் பகுதியில் இது அடங்கும். நம் வீட்டுப் பெட்டியில் கேட்கும் எஃப்.எம். வானொலியும் இதே பகுதியைச் சேர்ந்ததுதான். அது 100 மெகாஹெர்ட்சுக்கு அக்கம்பக்கத்தில் ஒலிக்கிறது. கடல் வானொலியில் அலைவரிசைகளுக்கு எண்கள் உண்டு. அவற்றுள் 16-ஆம் எண்ணை மறக்கவே கூடாது. அதன் அதிர்வெண் 156.8 மெகாஹெர்ட்ஸ். ஆபத்தில் சிக்கியவர் கூப்பிடுவது இதில்தான். கப்பல்களும் கரையோரக் காவல் நிலையங்களும் இதற்குக் காது கொடுத்திருக்கும்.

இனி, கடைக்காரர் சொன்ன வாட் கணக்குக்கு வருவோம். கையில் பிடிக்கும் கருவிகள் பெரும்பாலும் 5 அல்லது 6 வாட் சக்தி கொண்டவை. படகில் நிலையாகப் பொருத்தும் கருவிக்கு உச்ச அளவு 25 வாட். 5 வாட் கருவி பத்துக் கிலோமீட்டர் எட்டினால், 25 வாட் கருவி ஐம்பது கிலோமீட்டர் எட்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி நடப்பதில்லை. ஏன்?

மிகை அதிர்வெண் அலைகள் ஏறத்தாழ ஒளியைப் போல நேர்கோட்டில் செல்பவை. பூமியோ உருண்டை. நீங்கள் ஏரிக்கரைமேல் ஏறி நின்றால் வயலில் நிற்பதைவிட நெடுந்தொலைவு தெரிகிறதல்லவா? கடலிலும் அப்படியே. கண்ணின் உயரம் h, பூமியின் ஆரம் R, தொடுவானத்தின் தொலைவு d என்று கொள்ளுங்கள். தொடுவானத்தைத் தொடும் பார்வைக்கோடு அந்த இடத்து ஆரத்துக்குச் செங்குத்தாக இருக்கும். ஆகவே (R + h)² = R² + d². பிரித்து எழுதினால் d² = 2Rh + h². பூமியின் ஆரத்தோடு ஒப்பிட h மிகச் சிறியது; எனவே h² என்பதை விட்டுவிடலாம். R-க்கு 6,370 கிலோமீட்டர் என்றும், h-க்கு 1 மீட்டர் என்றும் இட்டுப் பாருங்கள். d ஏறத்தாழ 3.57 கிலோமீட்டர் வரும்.

வானொலி அலைக்கு ஒரு சிறு சலுகை உண்டு. மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறைவதால், அலை சற்றே கீழ்நோக்கி வளைந்து செல்கிறது. அதனால் தொடுவானம் கொஞ்சம் தள்ளிப் போகிறது. அலைக்குப் பூமி தன் ஆரத்தைப் போல மூன்றில் நான்கு பங்கு பெரியதாகத் தோன்றுகிறது என்று பொறியாளர்கள் கணக்கிடுவார்கள். அப்போது நமக்குக் கிடைக்கும் வாய்பாடு இது: ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், தொலைவு கிலோமீட்டரில் வரும்.

கரையில் 25 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் தொடுவானம் 5 × 4.12 = 20.6 கிலோமீட்டர். படகின் ஏரியல் நீர்மட்டத்துக்கு மேல் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் தொடுவானம் 8.2 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் சுமார் 29 கிலோமீட்டர். இதுவே அவ்விரண்டும் பேசிக்கொள்ளக்கூடிய எல்லை. ஆனால் இரண்டு பைபர் படகுகளில் ஆளுக்கொரு வாக்கி டாக்கியைக் கையில் பிடித்து உட்கார்ந்திருந்தால்? உயரம் 1 மீட்டர்தான். 4.12-ஐ இரட்டித்தால் 8 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அலை எழும்பி மறைக்கும்போது அதுவும் குறையும். இங்கே 5 வாட்டுக்குப் பதில் 25 வாட் கொடுத்தாலும் பூமியின் முதுகைத் துளைத்துக்கொண்டு போக முடியாது. கூடுதல் சக்தி, எல்லைக்குள் இருப்பவருக்குப் பேச்சைத் தெளிவாக்கும். எல்லையைத் தள்ளி வைப்பது உயரமே. காற்றடங்கிய சில நாட்களில் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பேச்சும் கேட்பதுண்டு. அது வானிலை தரும் இனாம். அதை நம்பிக் கடலுக்குப் போகக் கூடாது.

இந்த எல்லையின் கொடுமை 2017-ஆம் ஆண்டு வெளிப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிமுனைக்கு அருகே உருவெடுத்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற கன்னியாகுமரி மாவட்ட ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பல நாட்களுக்கு முன்பே புறப்பட்டு, கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் தங்கல் மீன்பிடித்தலில் இருந்தார்கள். படகுகளில் வயர்லெஸ் இருந்தும், கரையின் எச்சரிக்கை அங்கே எட்ட வழியில்லை. ஒரு படகு கேட்டதை அடுத்த படகுக்குச் சொல்ல, அது அதற்கடுத்த படகுக்குச் சொல்ல, இப்படி வாய்மாற்றிக் கடத்துவதே அவர்களுக்கு இருந்த வழி. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்கப்பால் இருந்தவருக்குச் சேதி இல்லை. திரும்பி வராதவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர்.

ஆகவே மாமாவிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எவ்வளவு தூரம் போவீர்கள்?" என்பதே. விடியற்காலையில் போய் மதியத்துக்குள் திரும்புகிற படகென்றால் வி.எச்.எஃப். நல்ல துணை. நாட்கணக்கில் தங்குகிறவர் இதோடு செயற்கைக்கோள் வழிக் கருவியும் வைத்திருத்தல் வேண்டும். ஒக்கிக்குப் பிறகு நாவிக் செயற்கைக்கோள்கள் வழியாகப் புயல் செய்தி பெறும் கருவிகள் மீனவர்களுக்குத் தரப்பட்டன. 2024 ஜனவரியில் இஸ்ரோ அறிவித்த இரண்டாம் தலைமுறை ஆபத்து அறிவிப்புக் கருவியோ, படகிலிருந்து அபயக்குரல் அனுப்புவதோடு, அது கிடைத்தது என்ற பதிலையும் படகுக்குத் திரும்பக் கொண்டுவருகிறது. கவிழும் படகில் இருப்பவனுக்கு அந்த ஒரு வரிப் பதில் எவ்வளவு பெரிய தெம்பு!

ஏரியலுக்கு வருவோம். 300-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 300 ÷ 156.8 = 1.91 மீட்டர். ஏரியல் அலைநீளத்தில் பாதியாகவோ கால் பங்காகவோ இருந்தால் அலையோடு நன்கு ஒத்திசையும். கால் பங்கு 48 சென்டிமீட்டர்; பாதி 96 சென்டிமீட்டர். படகுகளில் காணும் ஒரு மீட்டர் சாட்டை ஏரியலின் இரகசியம் இதுதான். கை போன இடத்தில் அதை வெட்டிக் குட்டையாக்கினால் ஒத்திசைவு கெடும். சக்தியின் ஒரு பகுதி கருவிக்கே திரும்பி வந்து அதைச் சூடாக்கும்.

கடையில் 3 டெசிபெல், 6 டெசிபெல், 9 டெசிபெல் என்று ஏரியல்கள் வைத்திருப்பார்கள். 3 டெசிபெல் என்றால் இரு மடங்கு, 6 என்றால் நான்கு மடங்கு, 9 என்றால் எட்டு மடங்கு. இந்தப் பெருக்கம் எங்கிருந்து வருகிறது? ஏரியல் தானாக எந்தச் சக்தியையும் உண்டாக்குவதில்லை. அப்பளத்துக்கு மாவு உருண்டையைத் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாவு அதே அளவுதான். மேலும் கீழும் இருந்தது பக்கவாட்டில் பரவுகிறது. நீண்ட ஏரியலும் வானத்துக்கும் நீருக்கும் வீணாய்ப் போகும் அலையைத் தொடுவானத்தை நோக்கித் தட்டையாக்குகிறது. அப்படியானால் 9 டெசிபெல்தானே சிறந்தது என்பீர்கள். பெரிய கப்பலுக்குச் சரி. ஆனால் சிறு படகு அலையில் சாயும்போது அப்பளமும் சாயும்! ஒரு பக்கம் கடலுக்குள்ளும் மறுபக்கம் ஆகாயத்துக்கும் அலை போய்விடும். பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். ஆட்டம் அதிகமுள்ள பைபர் படகுக்கு 3 டெசிபெல் ஏரியலை உயரமான கழியில் கட்டுவதே என் தேர்வு. விசைப்படகுக்கு 6 டெசிபெல் ஏற்றது. எதுவாயினும் செங்குத்தாக நிற்க வேண்டும். எல்லாப் படகுகளும் அப்படியே வைப்பதால், படுக்க வைத்தவர் பேச்சு மற்றவருக்கு மங்கிப்போகும்.

பலரும் கவனிக்காமல் விடும் பொருள் ஒன்று உண்டு. கருவிக்கும் ஏரியலுக்கும் இடையே ஓடும் கேபிள்தான் அது. ஆர்.ஜி. 58 என்ற மெல்லிய கேபிள் பத்து மீட்டர் ஓடினால் சுமார் 2 டெசிபெல் இழப்பு. 25 வாட் புறப்பட்டால் ஏறத்தாழ 16 வாட் மேலே போய்ச் சேரும். தடித்த ஆர்.ஜி. 213 என்றால் 20 வாட் சேரும். இணைப்பு முனைகளில் உப்புநீர் புகுந்துவிட்டாலோ எந்தக் கேபிளும் பயனில்லை. செம்பு பச்சை பூத்துவிடும். ஆகவே முனையைச் சுற்றி நீர்புகா நாடா சுற்றுவது அவசியம்.

மின்கலத்தையும் பாருங்கள். 25 வாட்டில் பேசும்போது கருவி 12 வோல்ட் மின்கலத்திலிருந்து 5 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். 12 × 5 = 60 வாட். வெளியே போவது 25, மிச்சம் வெப்பம். மின்கலத்திலிருந்து வரும் கம்பியின் தடை 0.4 ஓம் இருந்தால் V = IR விதிப்படி வழியிலேயே 2 வோல்ட் போய்விடும். கேட்கும்போது சரியாக இருக்கும் கருவி, பேசப் பொத்தானை அழுத்தியதும் அணைந்துபோவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. குற்றம் கருவியில் இல்லை, ஒல்லிக் கம்பியில்.

வேறு சில செய்திகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கருவியின்மேல் ஐ.பி.எக்ஸ். 7 என்ற குறி இருந்தால் ஒரு மீட்டர் நீரில் அரைமணி நேரம் தாங்கும். கைக்கருவி நீரில் மிதக்கும் வகையாக இருப்பது மேல். ஒலிபெருக்கியின் காந்தம் திசைகாட்டியைத் திருப்பிவிடும். ஆகவே இரண்டையும் அருகருகே வைக்காதீர்கள். சிவப்புப் பொத்தான் உள்ள கருவி கிடைத்தால் அதையே வாங்கச் சொல்லுங்கள். அதை அழுத்திப் பிடித்தால் 70-ஆம் அலைவரிசையில் படகின் அடையாள எண்ணும், ஜி.பி.எஸ். இணைத்திருந்தால் அது நிற்கும் இடமும், தாமே போகும். அந்த எண் ஒன்பது இலக்கம் கொண்டது. இந்தியக் கலங்களுக்கு 419 என்று தொடங்கும். எண்ணைப் பதியாவிட்டால் பொத்தான் வெறும் அலங்காரமே. இக்கருவியை வைத்திருக்க மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையிடம் உரிமம் பெற வேண்டும்.

பேசும் பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொள்ளாமல் பார்ப்பதும் ஒரு கடமை. 16-ஆம் எண்ணில் ஒரு படகின் பொத்தான் சிக்கினால், சுற்றிலுமுள்ள அத்தனை பேருக்கும் அந்த எஞ்சின் சத்தம்தான் கேட்கும். உண்மையில் ஆபத்திலிருப்பவரின் குரல் அதில் அமுங்கிப்போகும்.

நீங்களே செய்து பாருங்கள்: எஃப்.எம். பெட்டி ஒன்றில் சென்னைப் பண்பலை நிலையத்தைப் பிடியுங்கள். வீட்டின் தரைத்தளத்தில் ஏரியலை மடக்கியும் முழுதாக நீட்டியும் கேளுங்கள். பிறகு மொட்டை மாடிக்குப் போய் அவ்வாறே கேளுங்கள். கரகரப்பு எங்கே அதிகம், எங்கே குறைவு என்று எழுதி வையுங்கள்.

ஒரு கணக்கு: இரண்டு படகுகளின் ஏரியல்களும் 2.25 மீட்டர் உயரத்தில் உள்ளன. அவை எவ்வளவு தொலைவு வரை பேசலாம்? ஒரு படகுக்காரர் மட்டும் நல்ல மூங்கில் கழி ஒன்றைக் கட்டித் தம் ஏரியலை 4 மீட்டருக்கு உயர்த்தினால் அது எவ்வளவு ஆகும்?

விடை: 12.4 கிலோமீட்டர்; 14.4 கிலோமீட்டர்.