'பிக் அப்': அந்த 'அப்'பை முழுங்காதீர்கள்

"ஸ்டேஷனுக்கு வந்து பிக்கப் பண்ணிக்கோ", "வண்டில பிக்கப்பே இல்ல" என்று தமிழில் சரளமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்துக்குத் தாவியதும் 'ஐ வில் பிக் யூ', 'ஹீ இஸ் நாட் பிக்கிங் மை கால்' என்று 'அப்' காணாமல் போகிறது. நம் அலுவலகங்களில் இது செல்லுபடியாகும். லண்டன்காரருக்குக் குழப்பம்தான், தனி 'பிக்' என்றால் அவருக்குப் பூப்பறிப்பது, இல்லையென்றால் தேர்ந்தெடுப்பது.

எனவே முதல் வேலை, 'அப்'பை ஒட்டவைத்துச் சொல்லிப் பழகுவது: 'ஐ வில் பிக் யூ அப் அட் சிக்ஸ்.' வினைச்சொல்லாக வரும்போது அழுத்தமும் 'அப்' மேல்தான்.

அடுத்தது, அது உட்காரும் இடம். 'பிக் அப் த பார்சல்', 'பிக் த பார்சல் அப்' இரண்டும் சரி. பார்சலுக்குப் பதில் 'இட்' வந்தால் நடுவில் மட்டுமே: 'பிக் இட் அப்'. 'ஹிம்', 'தெம்' வந்தாலும் அப்படியே. 'பிக் அப் இட்' என்று எழுதினால் பரீட்சையில் மார்க் போகும்.

இனி அர்த்தம். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். எதை 'பிக் அப்' செய்கிறார்கள் என்று பாருங்கள். கீழே விழுந்த சாவி என்றால் குனிந்து எடுப்பது. பள்ளிவிட்ட பிள்ளை என்றால் போய்க் கூட்டிவருவது. 'கேன் யூ பிக் அப் சம் மில்க்?' என்று வீட்டிலிருந்து மெசேஜ் வந்தால், வரும் வழியில் கடையில் வாங்கிவரச் சொல்கிறார்கள். சளி, இருமல் என்றால் தொற்றிக்கொள்வது. மொழி என்றால் வகுப்புக்குப் போகாமல் காதால் கேட்டே கற்றுக்கொள்வது: 'ஷீ பிக்ட் அப் ஹிந்தி அட் வொர்க்.'

பின்னால் எதுவுமே வராமலும் இருக்கலாம். 'பிசினஸ் இஸ் பிக்கிங் அப்' என்றால் வியாபாரம் சூடுபிடிக்கிறது. 'ஹீ இஸ் நாட் பிக்கிங் அப்' என்றால் போனை எடுக்கவில்லை. 'போன்' என்ற சொல்லே தேவையில்லை. வண்டி வேகமெடுப்பதை 'பிக் அப் ஸ்பீட்' என்பார்கள். பைக்கைப் புகழ 'குட் பிக்கப்' என்பது நம்மூரில் மட்டுமல்ல, அமெரிக்காவிலும் உண்டு. 'அக்ஸலரேஷன்' என்றால் எங்கும் புரியும்.

ஒரே ஓர் இடத்தில் ஜாக்கிரதை. விருந்து முடிந்த தோழியை வண்டியில் கூட்டிவந்ததைச் சொல்ல 'ஐ பிக்ட் ஹெர் அப் ஃப்ரம் த பார்ட்டி' என்றால் வம்பில்லை. 'அட் எ பார்ட்டி' என்று மாற்றிப் பாருங்கள், முன்பின் தெரியாத பெண்ணை அங்கே மடக்கியதாகவே கேட்பவர் எடுத்துக்கொள்வார்.