மத்ரஸா பாடத்தில் சந்தேகம் கேட்கும் முறை

ஹஜ்ரத்திடம் கேட்க வேண்டிய கேள்வி முந்தைய இரவே தயாராகிவிட வேண்டும். மறுநாள் ஓத வேண்டிய பகுதியை முதாலஆ செய்யும்போது எந்த வரியில் பொருள் பிடிபடவில்லையோ, அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வது நல்லது. அகராதியைப் புரட்டினால் தெரிவதையும் சக மாணவரிடம் கேட்டால் தீர்வதையும் வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது. உளூவோடு வருவதும் ஸலாம் சொல்லி ஒழுங்காக அமர்வதும் எல்லா மாணவருக்கும் தெரிந்தவை.

அடுத்தது நேரம். நபி (ஸல்) அவர்கள் சபையில் பேசிக்கொண்டிருந்தபோது கிராமவாசி ஒருவர் வந்து மறுமை எப்போது என்று கேட்டார். நபியவர்கள் பேச்சை நிறுத்தவில்லை. சொல்ல வந்ததை முடித்த பிறகே கேட்டவர் எங்கே என்று விசாரித்துப் பதில் தந்தார்கள். இமாம் புகாரி இதைக் கல்வி பற்றிய பாடத்தில் தனித் தலைப்பிட்டே பதிந்திருக்கிறார். ஆகவே மஸ்அலா முழுவதும் விளக்கப்பட்ட பிறகு வரும் இடைவெளிதான் கேள்விக்குரிய நேரம். பாதிக் கேள்விகளுக்கு அடுத்த வரியிலேயே விடை வந்துவிடும். ஹஜ்ரத் எழுந்து செருப்பைத் தேடும் நேரத்தில் கேட்கப்படும் கேள்விக்கு முழுமையான விடை கிடைக்காது.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது மாற்றுக் கருத்தையோ ஆதாரத்தையோ பற்றிக் கேட்கும்போது. ஷாஃபிஈ ஃபிக்ஹுப் பாடம் நடக்கிறது. திரையின்றி ஆண், பெண் தோல் பட்டால், கணவன் மனைவியாக இருந்தாலும் உளூ முறியும் என்று ஹஜ்ரத் சொல்கிறார். ஒரு மாணவர் உடனே, “ஹனஃபியில முறியாதுன்னு சொல்றாங்களே ஹஜ்ரத், இதுக்கு என்ன ஆதாரம்?” என்கிறார். கேட்டவர் மனத்தில் தவறான எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் பாடம் அங்கேயே விவாதமாகிவிடும். அவருக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்பதும் ஹஜ்ரத்துக்குத் தெரியாது.

அதே சந்தேகத்தை இப்படிக் கேட்கலாம்: “ஹஜ்ரத், சூரத்துன் நிஸா 43ஆம் வசனத்தில் வரும் தொடுதலை ஷாஃபிஈ இமாம் தோல் படுவது என்றே எடுத்துக்கொண்டதாக விளங்கிக்கொண்டேன். நபியவர்கள் தொழுகையில் ஸுஜூது செய்யும்போது ஆயிஷா நாயகியின் காலைத் தொட்டதாக ஹதீஸ் வருகிறதே, அதை நம் மத்ஹபில் எப்படி விளங்குகிறார்கள்?” முதலில் தான் விளங்கியதை மாணவர் சொல்லிவிடுகிறார், அது பிழையென்றால் அங்கேயே திருத்தம் கிடைக்கும். பிறகு தடை தருகிற ஹதீஸைக் குறிப்பிட்டு, அந்த மத்ஹபுக்கு உள்ளேயே விடை தேடுகிறார். இடையில் துணி இருந்திருக்கலாம் என்ற ஷாஃபிஈ அறிஞர்களின் விளக்கத்தை ஹஜ்ரத் எடுத்துச் சொல்ல இப்போது வழி திறக்கிறது. அந்தத் தொடுதலுக்கு இல்லறச் சேர்க்கை என்று ஹனஃபிகள் பொருள் கொள்வதையும் அவரே சேர்த்துச் சொல்லக்கூடும்.

ஹமாவில் பிறந்து கெய்ரோவில் காழியாக இருந்த பத்ருத்தீன் இப்னு ஜமாஆ (இறப்பு 1333) மாணவர் ஒழுக்கம் பற்றி எழுதிய நூலில், ஏன் என்பதையும், ஒப்பமாட்டோம் என்பதையும், யார் அறிவித்தது என்பதையும் ஆசிரியர் முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது என்கிறார். ஆதாரம் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் வேறொரு அமர்வில் மென்மையாகக் கேட்டு அறியலாம் என்பது அவர் காட்டும் வழி. இதற்கு அஸருக்குப் பின் தனியே போய், இன்னும் விரிவாக எந்தக் கிதாபில் பார்க்கலாம் என்று கேட்பதே சிறந்தது. நூலின் பெயரோடு ஆதாரமும் சேர்ந்தே வந்துவிடும்.

ஹஜ்ரத் வாசிப்பில் தவறினாலும் இதே பணிவு வேண்டும். அந்த வரியை மெதுவாகத் திரும்ப ஓதி, “இந்த இடம் ரஃபஆ, நஸ்பா ஹஜ்ரத்?” என்று கேட்டால் போதும். விதிவிலக்கு ஒன்றே. தவறு ஃபத்வாத் தாளில் ஏறி, கேட்டவர் வெளியூர் போய்விடுவார் என்றால் காத்திருக்கக் கூடாது. குறிப்பாகவோ வெளிப்படையாகவோ அப்போதே உணர்த்திவிட வேண்டும் என்று இப்னு ஜமாஆவே வலியுறுத்துகிறார்.

வெட்கத்துக்காகக் கேள்வியை விழுங்கக் கூடாது. மதீ பற்றிய சட்டத்தைக் கேட்க, நபியவர்களின் மருமகன் என்பதால் அலி (ரழி) கூச்சப்பட்டார்கள். மிக்தாத் (ரழி) மூலம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். உம்மு ஸுலைம் (ரழி) பெண்ணின் குளிப்புக் கடமை பற்றி நேரடியாகவே கேட்டார்கள். இரண்டு வழியும் இன்றும் செல்லும். நிஸ்வான் மத்ரஸாக்களில் பெயரில்லாத துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் பழக்கத்தை எல்லா இடத்திலும் வைப்பது நல்லது.

ஹஜ்ரத் தெரியாது என்றாலோ பிறகு பார்க்கலாம் என்றாலோ வற்புறுத்தக் கூடாது. இமாம் மாலிக் தம்மிடம் வந்த 48 கேள்விகளில் 32க்குத் தெரியாது என்றே சொன்னதாக அறிவிக்கப்படுகிறது. சில நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

கிடைத்த விடையை அன்றே கிதாபின் ஓரத்தில் எழுதிவைக்க வேண்டும். அனுமதியின்றிக் குரலைப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது அறவே கூடாது. பாடத்தில் சொல்லப்படும் விளக்கம் ஃபத்வா அல்ல. வீட்டில் நடந்த தலாக், பாகப்பிரிவினை போன்றவற்றுக்கு முழு விவரத்தையும் தனித்தாளில் எழுதி முஃப்தியிடம் கொடுத்தே தீர்ப்புப் பெற வேண்டும்.