சிறு வீடுகளில் வெந்நீரும் வெப்பமும்: கொடியடுப்பைச் செப்பனிடும் முறை

ஐப்பசி அடைமழை முதல் தை மாதம் வரையில் தாமிரபரணிக் கரை ஊர்களில் முதியோர்க்கும் பிள்ளை பெற்றவர்க்கும் வெந்நீர் இன்றியமையாதது. 2016-ம் ஆண்டில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தினால் எரிவாயு பல வீடுகளை அடைந்த பின்னரும், வெந்நீருக்கு மாத்திரம் புறக்கடையில் மூன்று கல் அடுப்பு எரிவதை அநேக இடங்களிற் காணலாம். கதம்பை, பனை மட்டை, உடை விறகு ஆகியவை அதில் எரிகின்றன. அவை போதாதபோது எருவாட்டியும் எரிகிறது. விவசாயிக்கு நஷ்டம் இவ்விடத்திலேயே உண்டாகிறது. சாணத்தை எரித்தால் அதிலுள்ள தழைச்சத்து புகையோடு போய்விடும். வயலுக்குப் போகவேண்டிய உரத்தைக் குளிக்கும் நீருக்குச் செலவிடுவது எவ்விதத்திலும் லாபமன்று.

கணக்கைப் பார்ப்போம். 15 லிட்டர் கொள்ளும் ஒரு குடம் நீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க 300 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். நன்கு உலர்ந்த விறகு கிலோவுக்கு ஏறக்குறைய 4,000 கிலோ கலோரி தரவல்லது; ஆகவே 75 கிராம் விறகே போதும். ஆனால் மூன்று கல் அடுப்பில் பத்தில் ஒரு பங்கு வெப்பமே பாத்திரத்தைச் சேர்வதால் முக்கால் கிலோ செலவாகிறது. பச்சை விறகாயின் அதன் ஈரத்தை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பகுதி போய்விடும்.

விறகிற் சமைப்போரும் வீட்டிலேயே நெல் அவிப்போரும் வெந்நீருக்கெனத் தனித் தீ மூட்டத் தேவையில்லை. நம் முன்னோர் அமைத்த கொடியடுப்பின் தத்துவமே இது: முதல் வாயில் மிஞ்சும் அனல் இரண்டாவது வாய்க்குச் செல்லும். ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு இதே வழியில் புகைக்குழாயுடன் வகுத்த அடுப்பைப் பற்றிய நூல் 1953-ல் சென்னையில் வெளியாயிற்று. பின்னர் மத்திய சர்க்கார் 2002 வரை நாடெங்கும் இவ்வகை அடுப்புகளைப் பரப்பியது. அவற்றிற் பல கைவிடப்பட்டதற்குப் புகைக்குழாய் அடைபட்டதும் மண் வெடித்ததும் முக்கிய காரணங்கள். கட்டுவதைக் காட்டிலும் பேணுவதே கடினம் போலும்!

புற்றுமண்ணுடன் மணலும் பதரும் சேர்த்துப் பிசைந்து, இரண்டாவது வாயை முதல் வாயினும் சற்று உயரமாக அமைக்கவும். அதில் செப்புத் தவலையை இடைவெளியின்றிப் பதித்து, அப்பால் சுட்ட மண் குழாயைச் சுவர் வழியே வெளியேற்றி, கூரைக்கு மேல் இரண்டு அடி உயரும்படி நிறுத்தவும். ஓலைக் கூரையாயின் குழாய் அதனை அணுகலாகாது. மாதம் ஒருமுறை கரியை அகற்றுக. சமையலை எரிவாயுவில் முடிப்போர்க்கு, நடுவே தீக்குழல் உள்ள செப்புப் பாய்லரே ஏற்றது. நெருப்பைச் சுற்றிலும் நீர் நிற்பதால் வெப்பம் அதிகம் வீணாகாது. அதன் மூடியை இறுக அடைக்கலாகாது, ஆவி வெடிக்கும்.

சமவெளியில் அடுப்பைச் சாய்ப்பில் வைப்பதே நலம், வீட்டினுள் வெப்பம் வேண்டாமையால். மேலே மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து போன்ற மழை மிகுந்த மலையிடங்களிலோ சிறு வீட்டிற்குள்ளேயே வெப்பம் வேண்டும். அங்கே அடுப்பை உட்சுவரோரம் தடித்த மண்ணாற் கட்டினால், தீ அணைந்த பின்னும் அம்மண் நெடுநேரம் வெதுவெதுப்பைத் தரும். அதைவிடுத்துக் கதவை அடைத்துக்கொண்டு சட்டியில் தணல் வைத்துப் படுப்பது பிராணாபாயம். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவர் விழிக்குமுன் உயிரைப் போக்கும். அடுப்பில் தணல் உள்ளவரை புகைக்குழாயை அடைக்காமலும், கூரையடியில் ஒரு சாண் திறப்பு விட்டும் வைக்க வேண்டும்.