நட்டம் கற்பித்த பாடம்

1965ஆம் ஆண்டில் தென்கொரியா வறுமையோடு போராடிக்கொண்டிருந்தது. அவ்வாண்டில் அந்நாட்டின் ஹூண்டாய் கட்டுமான நிறுவனம், தென் தாய்லாந்தில் பட்டானி–நாராதிவாட் நெடுஞ்சாலையை அமைக்கும் குத்தகையைப் பெற்றது. கொரியக் கட்டுமான நிறுவனம் ஒன்று வெளிநாட்டில் பெற்ற முதல் பெரும்பணி அது. குறைந்த விலைக்குச் செய்து தர ஒப்பியதால் வாய்ப்புக் கிடைத்தது. ஆனால், அடைமழையும் அனுபவக் குறைவும் நட்டத்தையே தந்தன. எனினும், அந்நிறுவனம் சாலையைப் பாதியில் கைவிடாமல் முடித்துக் கொடுத்தது.

அங்குக் கற்ற பாடங்கள் வீண்போகவில்லை. 1976இல் சவூதி அரேபியாவின் ஜுபைல் துறைமுகப் பணி அதற்குக் கிடைத்தது. அப்பணிக்கான எஃகுக் கட்டமைப்புகளைக் கொரியாவின் உல்சான் நகரில் செய்து, கடல்வழியே கொண்டு சென்றது. 1985இல் திறக்கப்பட்ட, 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலமும் அந்நிறுவனம் கட்டியதே. மலிவான விலை வாய்ப்பைப் பெற்றுத் தரலாம். திறமையும் நாணயமுமே அதை நிலைக்கச் செய்யும்.