ஒட்டுச் சோளத்தில் விதை எடுக்கலாமா?

தருமபுரி மாவட்டம் ஏரியூர் போன்ற மானாவாரிப் பகுதியில் விதைச் செலவும் ஒரு பாரம்தான். போன ஆண்டு நன்கு விளைந்த வீரிய ஒட்டுச் சோளத்திலேயே விதை எடுத்து வைத்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. கோ 30, கே 12 போன்ற ரகங்களுக்கு அது சரி. ஒட்டுச் சோளத்துக்குச் சரிப்படாது.

சோளம் ஒரே பூவில் ஆண், பெண் இரண்டும் கொண்ட பயிர். ஒட்டு விதைக்காகப் பூவுக்குப் பூ மகரந்தப் பையைக் கிள்ளுவது நடக்கிற காரியமா? 1954-இல் அமெரிக்காவில் ஸ்டீபன்ஸ், ஹாலந்து ஆகியோர் மைலோ, காஃபிர் சோளங்களைக் கலந்து, மகரந்தம் தராத ஆண் மலட்டுச் சோளத்தைக் கண்டனர். அவ்வகைத் தாயைக் கொண்டு நம் நாட்டில் 1964-இல் சி.எஸ்.எச். 1 வெளிவந்தது.

இந்த மலட்டுத்தன்மை தாய்வழி வருவது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் தனி மரபணுக்கள் உண்டு; அவை தாயிடமிருந்து மட்டுமே வருகின்றன. கோளாறு அங்கேதான். அப்படியானால் ஒட்டுச் சோளம் மணி பிடிப்பது எப்படி? தந்தைச் சோளம் தரும் மீட்பு மரபணுவால்.

அம்மரபணு பி.பி.ஆர். என்ற புரதத்தைச் செய்யக் கட்டளையிடுகிறது என்பது 2005-இல் தெரியவந்தது. ஏறத்தாழ 35 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு, மாலையில் மணி கோத்ததுபோல் இதில் திரும்பத் திரும்ப வரும். துண்டுக்கு ஓர் எழுத்தாக ஆர்.என்.ஏ.வைப் படித்துப் பற்றிக்கொள்ளும். நெல்லில் ஆர்.எஃப். 4 என்ற இதே இனப் புரதம், மகரந்தத்தைக் கெடுக்கும் மைட்டோகாண்ட்ரியச் செய்தியைக் குறைத்து விடுகிறது. மனிதனிடம் இவ்வினப் புரதங்கள் பத்துக்கும் குறைவு. செடிகளிலோ நானூறுக்கும் மேல்!

ஒட்டுச் செடியில் மீட்பு மரபணு ஒரு பங்குதான் உண்டு. அதன் விதையை விதைத்தால் ஏறக்குறைய நான்கில் ஒரு செடிக்கு அது கிடைக்காது. மலட்டுத் தாயின் குணமே மிஞ்சும். பக்கத்துச் செடியின் மகரந்தம் காற்றில் வந்தால் ஓரளவு மணி பிடிக்கும். பிந்திப் பூத்தால் அதுவும் இல்லை. உயரமும் முதிர்ச்சியும் ஒன்றுபோல் இராது என்பது வேறு நஷ்டம்.

மணி பிடிக்காத கதிரைக் கண்டதும் விதைக் கடையைக் குறை கூறுமுன், பூக்கும் பருவத்தில் காலையில் கதிரைத் தட்டிப் பார்க்க வேண்டும். மகரந்தப் பை வெளுத்துச் சுருங்கி, பொடி உதிராவிட்டால் மலட்டுச் செடி. பொடி தாராளமாக உதிர்ந்தும் மணி இல்லையென்றால் கதிர் ஈ, கதிர் நாவாய்ப்பூச்சி, பூக்கும்போது பெய்த மழை ஆகியவற்றைக் கவனிப்பது நல்லது.